நேரம் இருக்கிறவர்

கடுகின் பின்னல் அன்று காலை மிகவும் நேராக இருந்தது.

மனைவி அலுவலகப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போனதிலிருந்து மகள் கடுகின் தலைமுடிக்கு அவன்தான் பொறுப்பு. அவன் போடும் பின்னல் பள்ளி வாசலைத் தொடுவதற்குள் பாதி அவிழ்ந்துவிடும், மதியத்துக்குள் காக்காய்க் கூடாகிவிடும். அதைப் பற்றி வகுப்பு மிஸ் ஒருமுறை சாடைமாடையாகச் சொல்லியும் விட்டாள். இன்றோ நூல் பிடித்துக் கீறியதுபோல நடுவகிடு. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில், ஒரே நீளத்தில் இரண்டு பின்னல்கள். இறுக்கத்தில் குழந்தையின் நெற்றித் தோலும் புருவமும் லேசாக மேலே இழுபட்டு, எதையோ கண்டு வியந்தவள் போல அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

வீடியோ அழைப்பில் வந்த மனைவி அதைத்தான் முதலில் பார்த்தாள். "பரவாயில்லையே! நான் இல்லன்னாதான் உங்களுக்குக் கை வேலை செய்யுது போல."

அவன் சிரித்து வைத்தான். கீழ்வீட்டு அக்கா வந்து பின்னிவிட்டுப் போயிருக்க வேண்டும். வீட்டின் இன்னொரு சாவி இருப்பதும் அவளிடம்தான். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு சரி.

நினைத்ததைச் செய்ய அவனுக்கு ஏது நேரம்? மாய உலகக் கதைகள் எழுதிச் சாப்பிடுகிறவன் மேகத்தில் படுத்துக் கனவு காண்பான் என்று ஊர் நினைக்கிறது. அவனோ ஆறாம் பாகத்தை முடிப்பதற்குள் ஐந்தாம் பாகத்தின் பிழை திருத்தி, ஏழாம் பாகத்தின் சுருக்கத்தை அனுப்பி, இடையில் வரைபடம் போடுகிற ஓவியனுக்கு "ஆறு மேற்கே ஓடுதா கிழக்கே ஓடுதா சார், ரெண்டாம் பாகத்துல வேற மாதிரி எழுதியிருக்கீங்களே" என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். மூன்றாம் பாகத்தில் செத்த குதிரை ஐந்தாம் பாகத்தில் எப்படிக் கனைத்தது என்று கேட்டு ஒரு வாசகர் வாரந்தோறும் எழுதுவார். துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி முடித்துக் கூவும். சமையலறையில் ஏதாவது தீயும். இரண்டு நிலாக்கள் காயும் நாட்டின் இளவரசி ஒரு கோட்டை மதிலில் தொங்கிக்கொண்டே இருப்பாள், அவன் போய் அடுப்பை அணைத்துவிட்டு வரும்வரை.

மகளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தவனும் அவன்தான். உள்ளங்கையளவு பிறந்தவள், வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவாள். அந்த வாரம் அவள் அதிகம் பொரியவில்லை. அதை அவன் கவனித்தது பிற்பாடு.

பின்னலுக்கு அடுத்து டிபன் டப்பா. சாயங்காலம் அவன் கழுவ எடுத்தபோது அது கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் சீருடை தேய்த்து மடித்துக் கட்டில் மேல் இருந்தது. காலணிகள் பளபளத்தன. உடைந்துபோய் அவன் ஒட்டுகிறேன் ஒட்டுகிறேன் என்று தள்ளிப்போட்ட பொம்மையின் கை ஒட்டப்பட்டிருந்தது, ஒட்டிய தடம்கூடத் தெரியாமல். வீட்டில் ஒரு மணமும் வந்திருந்தது. புதிதாகப் பூசிய சுவரில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தக் குளிர்ந்த சிமெண்ட் மணம். நடையில் போகப் போக அது கூடி, கட்டடத்தின் கடைசிச் சுவரை ஒட்டிய கடுகின் அறையில் தொண்டையில் ஒட்டுகிற அளவுக்கு இருந்தது. எங்கோ பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

மாடிப்படியில் கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தபோது, "ரொம்ப நன்றிக்கா, நீங்க இல்லன்னா திண்டாடிப் போயிருப்பேன்" என்றான்.

"எதுக்குத் தம்பி நன்றி?"

"பின்னல், துணி, எல்லாத்துக்கும்தான்."

அக்கா காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "எனக்கு முட்டி வலி வந்ததுலேருந்து மாடிப்படியே ஏறலியே. உங்க சாவி இன்னும் ஆணியிலதான் தொங்குது. ஏன், யார் வந்தாங்க?"

அவன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். அன்று கடுகிடம் கேட்டான், உன் தலையை யார் வாரிவிடுகிறார்கள் என்று. அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அப்பாதான்."

தூக்கமில்லாமல் எழுதுகிறவனுக்குச் செய்தது மறந்துபோவது உண்டு. இரண்டு முறை பல் துலக்கியிருக்கிறான், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியிருக்கிறான். இதுவும் அப்படித்தான் என்று தன்னையே நம்பவைத்தான். நம்புவது வசதியாக இருந்தது. எழுத்து ஓடியது. ஒரு பிற்பகல், கதவைச் சாத்திக்கொண்டு அவன் எழுதிக்கொண்டிருந்தபோது, நடையில் வெறுங்கால்கள் நடப்பதைக் கேட்டான். கடுகின் கால்கள் அல்ல. கனமான, அவசரமில்லாத கால்கள். அவை அவன் கதவருகே நின்றன. கதவின் அடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு இருட்டுத் துண்டுகள் விழுந்தன. பிறகு அவை நகர்ந்து மகளின் அறைப் பக்கம் போயின, அங்கே கடுகு களுக்கென்று சிரித்தாள்.

அவன் எழுந்து பார்த்திருக்கலாம். வாக்கியம் பாதியில் நின்றது, நல்ல வாக்கியம். அதை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தான். முடித்தபோது அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஒரு நேர்காணல் இழுத்துக்கொண்டு போய், மூச்சிரைக்கப் பள்ளி வாசலை அடைந்தபோது மைதானம் காலி. காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?"

"பொண்ணைக் கூப்பிட வந்தேன்."

காவலாளியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "இப்பத்தானே சார் கூட்டிட்டுப் போனீங்க? இந்த வாரம் பூரா நேரத்துக்கு வர்றீங்கன்னு மிஸ்கூட சொல்லிட்டிருந்தாங்க."

வீடு வரை எப்படி ஓடினான் என்று அவனுக்கு நினைவில்லை. கதவு பூட்டியிருந்தது. அவன் சாவியால் திறந்தான். கடுகு தன் அறையில் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள், உடை மாற்றி, கால் கழுவி. பக்கத்தில் உரித்த ஆரஞ்சுச் சுளைகள், நார் நீக்கி, விதை நீக்கி. வேறு யாருமில்லை. குளியலறை, அலமாரி, கட்டிலுக்கு அடி. யாருமில்லை.

அவளை வாரி மடியில் வைத்துக்கொண்டான்.

"கடுகு, உன்னை ஸ்கூல்லேருந்து யார் கூட்டிட்டு வந்தது? அப்பாகிட்ட நிஜத்தைச் சொல்லு. திட்ட மாட்டேன்."

"அப்பாதான்."

"நான் இல்லடா. நான் இப்பத்தானே வந்தேன்."

அவள் ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டு மென்றாள். பெரியவர்களுக்குப் புரியாததைச் சொல்லும் பொறுமை அவள் முகத்தில் இருந்தது. "நீ இல்லப்பா. இன்னொரு அப்பா. உன்னை மாதிரியேதான் இருப்பாரு. ஆனா அவருக்கு நேரம் இருக்கு."

"அவர் எங்க இருக்காரு?"

அவள் கண் அவன் தோளுக்கு மேலாக, கட்டில் போட்டிருந்த கடைசிச் சுவருக்குப் போய்த் திரும்பியது.

அந்தச் சுவருக்கு அப்பால் எதுவும் கிடையாது. மூன்றாம் மாடி. வெளியே வெறும் காற்று, புறா எச்சம் படிந்த ஒரு விளிம்பு, கீழே வண்டி நிறுத்துமிடம்.

அன்றிரவு அவளைக் கூடத்தில் தன் பக்கத்தில் படுக்கவைத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே கிடந்தான். மனைவியை அழைத்தான். என்ன சொல்வது? "யாரோ வீட்டுக்குள்ள வர்றாங்க" என்றான். "பூட்டை மாத்துங்க, போலீஸ்ல சொல்லுங்க, நான் நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன்ல" என்றாள். பூட்டு உடைக்கப்படவில்லை, பொருள் எதுவும் போகவில்லை, யாரோ என் மகளை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கணினியை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினான். புதுப்பூட்டு மாட்டினான். பகல் முழுவதும் அவள் போகுமிடமெல்லாம் போனான். அவள் கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று பாடச் சொன்னான், குரல் கேட்பதற்காக. பிற்பகலில் அவளுக்குப் போரடித்தது, தன் அறைக்குப் போக வேண்டும் என்று அழுதாள். பொம்மைகள் அங்கேதான் இருந்தன. சரி, பகல்தானே, நானும் கூடவே இருக்கிறேன் என்று கட்டிலை இழுத்துச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டான். அவள் தரையில் விளையாட, நிலைப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியே மஞ்சளாக விழுந்தது. குளிர்ந்த சிமெண்ட் மணம். மூச்சு விட்டால் நாக்கில் சுண்ணாம்பு.

கைப்பேசி அடித்தது. மனைவியாக இருக்கும் என்று எடுத்தான். பதிப்பாசிரியை.

"சார், தப்பா நினைக்காதீங்க, அட்டை மிஷின்ல ஏறிடுச்சு. பின்னட்டையில ஒரே ஒரு வார்த்தை இடிக்குது. 'இருண்ட கோட்டை'ன்னு ரெண்டு தடவை வருது. ரெண்டாவதுக்கு வேற ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை சார்."

"இப்ப முடியாதும்மா."

"ஆளுங்க நிக்கிறாங்க சார்."

ஒரு வார்த்தை. அவன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. மனம் தானாகவே தேடப் போனது. தேடும்போது அவன் கண்கள் எப்போதும் ஜன்னலுக்குப் போகும். போயின. கருத்த. மங்கிய. ஒளியற்ற.

அறையில் யாரோ மெதுவாக, அன்பாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது. "கையைப் பிடிச்சுக்கோ."

அவன் குரல்.

திரும்பினான்.

தரையில் பொம்மை. ஒரு காலணி. வேறொன்றும் இல்லை.

"சார்? சார், கேட்குதா?"

கைப்பேசி எங்கோ விழுந்தது. "கடுகு!" கட்டிலைக் கவிழ்த்தான். அலமாரியைக் கவிழ்த்தான். நிலைப்படியில் அவன்தான் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி ஒரு பூனைகூடப் போயிருக்க முடியாது. ஜன்னலில் கம்பி. கம்பி அப்படியே இருந்தது.

அப்போது கேட்டது. மிக அருகில். சுவருக்குள்.

"அப்பா, இங்க இருட்டா இருக்கு."

அவனிடம் சொல்லவில்லை. உள்ளே இருந்தவரிடம் சொன்னாள்.

சுத்தியலை எடுத்து வந்தான். பூச்சு பெயர்ந்தது. செங்கல் தெரிந்தது. அடித்தான். உள்ளங்கை கிழிந்து கைப்பிடி வழுக்கியது. அடித்தான். ஒரு செங்கல் உடைந்து வெளிப்பக்கம் விழுந்தது. கீழே ஏதோ வண்டியின் கண்ணாடி நொறுங்கும் சத்தம். துளை வழியே வானம் தெரிந்தது. வெறும் மாலை வானம்.

துளையின் ஓரத்தில், இரண்டு செங்கற்களுக்கு நடுவில், சிமெண்ட் ஈரமாக இருந்தது. அவன் பிறப்பதற்கு முன் கட்டிய கட்டடம். ஈரமாக இருந்தது. அதில் ஒரு சின்ன உள்ளங்கையின் அச்சு.

விரலை வைத்தான்.

அச்சு மூடிக்கொண்டது. ஐந்து குட்டி விரல்கள், குளிர்ந்து, சேறாய், அவன் ஆள்காட்டி விரலைச் சுற்றி இறுகின. அந்தப் பிடியை அவனுக்குத் தெரியும். நடக்கப் பழகிய நாளில் பிடித்த பிடி.

"விட்ராதடா. அப்பா இருக்கேன். விட்ராத."

அழைப்பு மணி அடித்தது.

மனைவி. அவன் கத்த வாயைத் திறந்தான். அதற்குள் கூடத்தில் வெறுங்கால்கள் நடந்தன, கனமான, அவசரமில்லாத கால்கள். கூடவே இன்னொரு ஜோடி, சிறியவை, கடுகின் கால்களைப் போலவே துள்ளிக்கொண்டு. தாழ்ப்பாள் விலகியது.

"அம்மா!"

"என் தங்கமே! ஒரு மாசத்துல இப்படி வளர்ந்துட்டே! ஏங்க, இளைச்சுட்டீங்களே. ஏதோ திருடன் அது இதுன்னு பயமுறுத்தினீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றது அவன் குரல். "உட்காரு, காபி போடறேன்."

அவன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூவினான். முழு மூச்சும் போட்டு. கூடத்தில் பேச்சு ஒரு கணம் நின்றது.

"என்னங்க சத்தம் அது?"

"கடைசி ரூம்ல சுவர் விரிசல் விட்டிருக்கு. வேலை நடக்குது. அந்தப் பக்கம் போகாதே, ஒரே தூசி."

கால்கள் நடையில் வந்தன. எழுந்து ஓடினால் கதவு இரண்டு எட்டுதான். அவனால் முடியும். விரலை உருவிக்கொண்டால் முடியும். சுவருக்குள் பிடி இன்னும் இறுகியது. "அப்பா" என்றது சுவர், இப்போது அவனிடம்தான்.

அவன் அசையவில்லை. நிலையில் அவனுடைய சட்டை போட்ட ஒரு தோள் தெரிந்தது, கைப்பிடியில் அவனுடைய விரல்கள். கதவு மென்மையாகச் சாத்தப்பட்டது. வெளியே தாழ் விழுந்தது.

கூடத்தில் மூன்று பேர் சிரித்தார்கள்.

வானம் கறுத்தது. அவன் நெற்றியை ஈரச் செங்கல் மேல் வைத்து, பேசிக்கொண்டே இருந்தான். அவனைப் பிடித்திருந்த குட்டிச் சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல். சுவர் காய்ந்துகொண்டிருந்தது.