ஈர மண்ணில் ஒரு சறுக்குத் தடம்

மழை திடீரென்று கொட்டியது... மைதானத்து ஓரத் தகரக் கொட்டகைக்குள் ஓடிப் புகுந்தாள் வெர்னா. புகுந்த வேகத்தில், வாளியில் மண் அள்ளிக்கொண்டிருந்தவன் மீதே மோதினாள். மண் முழுதும் அவள் குட்டைப் பாவாடையில்!

"கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கமே இல்லையா?"

"வெளிய கொட்டுற மழை மட்டும் தட்டிட்டா வந்துச்சு?"

அவன் சிரித்துவிட்டான். மைதானத்தைப் பராமரிக்கும் ஹார்லன். மேகம் கவிந்த வானம்போல் சாம்பல் நிறக் கண்கள்... அவை அவளுடைய வலது முழங்காலில் ஒரு கணம் நின்றன. சட்டென்று விலகின.

'வெட்கமா... அருவருப்பா?' வெர்னா பாவாடையைக் கீழே இழுத்தாள். எவ்வளவு இழுத்தாலும் அது முழங்காலை எட்டாது. பெண்கள் பேஸ்பால் கிளப்பின் விதி அது. உதட்டுச்சாயம் இல்லாமல் களமிறங்கினால் அபராதம். பெண்களுக்குக் காவலாக வரும் மிஸ் டாலிவரைக் கேட்காமல் ஓர் ஆணோடு பேசினாலும் அபராதம். வெறும் தொடையோடு மண்ணில் சறுக்கித் தோல் உரிந்தால் மட்டும் அபராதம் கிடையாது.

1953 ஆகஸ்ட், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிற்றூர். பந்து வீசப்படும் நொடியில் களத்தின் முதல் மூலையான முதல் பேஸிலிருந்து பறந்து, சறுக்கி விழுந்து இரண்டாம் பேஸைத் தொடுவதில் வெர்னா கெட்டிக்காரி. போன வருடம் எதிரணியோடு இங்கே ஆட வந்தபோது அப்படி ஓடித்தான் விழுந்தாள். முழங்கால் பிசகியது. இந்த வருடம் லீக் நடத்துபவர்கள் அவளை இந்த ஊர் அணிக்கே மாற்றிவிட்டார்கள். அதன்பின் ஒருமுறைகூட அவள் துணிந்து ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அடுத்த வருட அணிப் பட்டியல் அன்றே. பெயர் இல்லையென்றால் கனடாவின் சஸ்காட்சுவானில் அப்பாவின் கோதுமை வயல்... "ஓடினது போதும், அறுவடைக்கு வா" என்று கடிதம் வந்துவிட்டது.

ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாளும் மழை. மூன்று நாளும் கொட்டகை.

"என்ன மண்ணுக்காரரே, இன்னிக்கும் சல்லடையா?"

"கல்லு இருந்தா உங்க தோல்தானே கிழியும், பதினேழாம் நம்பர்?"

இதுவரை எவரும் அவள் தோலைப் பற்றி நினைத்ததில்லை.

"இனி கிழியாது ஹார்லன். என் கால் செத்துப்போச்சு. போன வருஷம் காஞ்ச தரையில, யாரும் தொடாம, தானா விழுந்தேன்..."

சல்லடை அவன் கையிலிருந்து நழுவியது.

"தரை காஞ்சிருக்கல."

"என்ன?"

"உங்க ஓட்டத்தைத் தடுக்கணும்னு நம்ம மேனேஜர்தான் சொன்னாரு. பேஸுக்கு முன்னாடி நான்தான் தண்ணி விட்டேன். மேல காஞ்ச புழுதியைத் தூவி மறைச்சேன். எல்லா ஊர்லயும் செய்றதுதான்னு... உங்களை வெளிய தூக்கிட்டுப் போனப்போ பார்த்துட்டு நின்னேன், வெர்னா."

அவன் பெயர் சொல்லி அழைத்தது அதுவே முதல்முறை. அவள் மழையிலேயே இறங்கி நடந்தாள்.

ஞாயிறு. எட்டாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் நின்ற வெர்னாவின் நெஞ்சு கொதித்தது. 'ஒரு வருஷமா என் காலையே திட்டினேனே...' பந்து புறப்பட்டது. அவளும்!

மண் சீறியது. தொடை எரிந்தது. நடுவர் இரு கைகளையும் விரித்தார். அவுட் இல்லை!

ஆனாலும் அணி ஒரு ரன்னில் தோற்றது. பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"காலையிலேயே டைப் அடிச்சாச்சும்மா," என்றார் மேனேஜர், முகம் பாராமல்.

பெட்டியோடு கடைசியாக ஒருமுறை மைதானத்துக்குள் வந்தாள். காலி இருக்கைகள். கறுத்த வானம். ஹார்லன் களம் முழுவதையும் வாரிச் சமன் செய்திருந்தான்... இரண்டாம் பேஸ் முன்னால் இருந்த நீண்ட சறுக்குத் தடத்தைத் தவிர.

"இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"மனசு வரல." அவன் குனிந்தே இருந்தான். "உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. இதையாவது..."

முதல் துளி தடத்தின் மேல் விழுந்தது. பதறிப்போய்த் தார்ப்பாயை இழுத்தான். தனி ஆளால் அது நகரவில்லை. பெட்டியை ஈரத்தில் போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தாள் வெர்னா.

"எனக்கு இன்னும் கோபம் போகல, ஹார்லன்."

"தெரியும்."

"சீக்கிரத்துல போகவும் போகாது. சஸ்காட்சுவான்ல இருந்து திட்டினா உங்களுக்குக் கேக்காது..." அவள் குரல் உடைந்தது. "பக்கத்துலயே இருந்து திட்டிக்கிறேனே."