கோணிய வாய்

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானத்தில் அவள் அந்தப் பழைய ஸ்டூடியோவின் மாடிப்படி ஏறினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அறையின் ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தது. பிலிம் கழுவிய காலத்து மருந்து வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள். யாரும் வாங்கிப் போகாத பழைய படங்கள்.

ஸ்டூடியோ முதலாளிக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான்.

“பேய் நாடகத்துக்கு போஸ்டர்மா. பார்த்தவன் தூக்கத்துல அலறணும்” என்றபடி பெட்டியிலிருந்து ஒரு படத்தை உருவினார். நடுவயதுப் பெண். சிரிக்காத முகம். நேராகப் பார்க்கும் கண்கள்.

“யாருங்க இவங்க? கேக்காம மூஞ்சிய மாத்தலாமா?”

“வாங்க வராத படம். இனிமே வந்து சண்டையா போடப் போறாங்க? நல்லா இழுத்து விடும்மா.”

அவர் கீழே போய்விட்டார். அவள் படத்தை ஸ்கேன் செய்து திரையில் விரித்தாள். ஒரு ஃபில்டரில் நெற்றி தண்ணீராக நெளிந்தது. இன்னொன்றில் கண்கள் மெழுகுபோல் வழிந்தன. பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. தொழில் தெரிந்தவள் அவள். எல்லாம் சரியாக இருந்து ஒன்று மட்டும் பிசகினால்தான் பயம். எல்லாவற்றையும் அழித்தாள். சுழல் ஃபில்டரை வாயின் இடது ஓரத்தில் மட்டும் வைத்துத் திருகினாள். உதடு முறுக்கிக்கொண்டு காது வரை ஏறியது.

அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. கை விரல்களில் ஒரு குஷி. உடனே அச்சகத்துக்கு அனுப்பினாள். “ராத்திரியே அடிச்சு ஒட்டிடலாம்மா” என்று அச்சகக்காரர் போனில் கணீரென்று சொன்னார்.

கீழே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

முதலாளி சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார். பேச முயன்றார், எச்சில்தான் வழிந்தது. வாய் இடது காதுப் பக்கம் ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அழுதாள். “நரம்பு இழுத்திருக்குன்னு சொல்றாங்க. நரம்பு இப்படியா முறுக்கும்? கயிறு திரிச்ச மாதிரி இருக்கே!”

கூட வந்து நின்றிருந்த அவளுக்கு மட்டும் தெரிந்தது. அது அவள் திருகிய திருகல்.

விடிந்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடினாள். பழையபடி ஆக்கிவிட்டால் அவருக்கும் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தாள்.

அந்தப் பெண்ணின் வாய் நேராக இருந்தது.

திருகவே இல்லாததுபோல. ஆனால் இப்போது அந்த முகம் சிரித்தது.

மருந்து வாடை குப்பென்று ஏறியது. மவுஸைத் தொட்டாள். திரையில் கண்கள் அவள் கையைப் பார்த்தன.

“இன்னும் எத்தன பேருக்கு?”

குரல் அவள் காதோரம் கேட்டது.

ஒயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

படிகளில் விழுந்தடித்து இறங்கியபடியே அச்சகத்துக்குப் போன் போட்டாள். “அண்ணே, அந்த நாடக போஸ்டர நிறுத்துங்க! வெளிய விட்டுடாதீங்க!”

மறுமுனையில் நேற்றுக் கணீரென்று பேசிய மனிதர். இன்று அவர் சொன்ன ஒரு வார்த்தையும் புரியவில்லை. குழறல். பின்னால் யாரோ ஓவென்று அழும் சத்தம்.

தெருவுக்கு ஓடினாள். மழையில் சுவர் நெடுக அந்த முகம் ஈரமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் வாய் நேராக.

தெருமுனையில் பசை வாளியோடு ஒருவர் கடைசிப் போஸ்டரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒட்டாதீங்க... கிழிச்சிடுங்க!”

அவர் மெல்லத் திரும்பினார். ஒரு கையால் துண்டை வாயோடு அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொரு கை, அவர் நிறுத்தப் பார்த்தும் நிற்காமல், போஸ்டரைத் தடவிக்கொண்டே இருந்தது.