ஒரு பிடி சோறு

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம். கண்டரமாணிக்கத்தில் தேனப்பச் செட்டியார் வீட்டு வாசலில் மெட்ராஸ் கார் ஒன்று வந்து நின்றது. சேலைக் கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்க வீட்டைக் கேட்டிருந்தார்கள். படத்தின் கீழே வீட்டுப் பெயர் வரும் என்றதால் செட்டியார் இசைந்தார்.

இறங்கிய மாடல் பெண் ஜரீனாவைப் பார்த்ததும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவள் கழுத்துக் குழியில் ஒரு கை தண்ணீர் நிற்கும்.

மதியம் இலை போட்டார்கள். அவள் எலுமிச்சைத் தண்ணீரோடு எழுந்துவிட்டாள்.

"இந்த வீட்ல கை நனைக்காம யாரும் படியிறங்குனதில்ல," என்றார் செட்டியார்.

போட்டோகிராபர் மாயக்கண்ணன் சிரித்தான். "சோறு தின்னா சேலை எடுப்பா நிக்காது சார். இப்ப சீமையிலயே எலும்பு தெரிஞ்சாத்தான் அழகு. கம்பெனியில இன்னும் நாலு கிலோ குறைக்கச் சொல்றாங்க."

"பட்டினி போட்டுப் பாக்குறதுக்குப் பேரு அழகா? வளர்ற புள்ளய்யா அது!"

பரிமாறிக்கொண்டிருந்த சமையல்கார மலையம்மாள் கரண்டியோடு நின்றாள். "சொல்றது யாருன்னு பாரு," என்று இலையைப் பார்த்து முணுமுணுத்தாள். செட்டியார் முறைத்தார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், அவர் தங்கை உமையாளைப் பெண் பார்க்க வந்தவர்கள், 'பெண் கொஞ்சம் பருமன்' என்று சொல்லிப் போனார்கள். நாளுக்கு ஒரு பிடி சோறுதான் என்று உத்தரவு போட்டவர் செட்டியார். மூன்றாம் மாதம் அவள் போய்விட்டாள். விஷக்காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். வருஷந்தோறும் அவளுக்குப் படைக்கும் சேலை சாமி அறையில், ஓலைப்பேழைக்குள் இருந்தது. அறைச் சாவி எப்போதும் செட்டியார் இடுப்பில்.

சேலை மாற்றப் போன ஜரீனா வெளியே வந்தாள்.

அரக்குச் சேலை. உமையாள் சேலை.

செட்டியார் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

"யாரு குடுத்தது?" என்றார்.

"உள்ள ஒரு பொண்ணு குடுத்தாங்க சார். என்னைவிட ஒல்லி." ஜரீனா குரலைத் தணித்தாள். "அவங்களும் சாப்பிடலயாம். அண்ணன் சொன்னாத்தான் சாப்பிடுவாங்களாம். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

நடுமுற்றத்து வளவு முழுக்க ஒரு வாடை பரவியது. பல நாள் வெறும் வயிற்றோடு கிடப்பவர் வாயிலிருந்து வருமே, அந்த வாடை.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். 'சாப்பிடு' என்று ஒரு வார்த்தை சொன்னால், முப்பது வருஷத்துக் காய்ச்சல் பொய்யாகிவிடும்.

செட்டியார் முதுகை நிமிர்த்தினார்.

"இந்த வீட்ல அப்படி யாருமில்ல. படம் எடுத்தது போதும், கிளம்புங்க."

வாடை சட்டென்று அடங்கியது.

மறுநாள் மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே இன்னொரு இலை கிடந்தது. அதில் சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

"யாருக்கு இது?"

மலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இப்பத்தானய்யா உள்ளருந்து சத்தம் குடுத்தீக? 'தங்கச்சிக்கும் போடு'ன்னு. இத்தன வருசம் கழிச்சாச்சும் சொன்னீகளே!"

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எதிர் இலையில், குழம்பு ஊற்றத் தோதாக, சோற்றின் நடுவே மெல்ல ஒரு குழி விழுந்தது.