பிரேக் அண்ணனின் கால்

"அச்சத்தை வென்றவனுக்கு இந்த உலகத்தில் மூடிய கதவு என்று ஒன்று கிடையாது."

தன்னம்பிக்கைப் பேச்சாளர் தம்முடைய நூற்றுப் பதினோராவது மேடையில் முழங்கிய வாக்கியம் இது. கைதட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. அன்று மாலை அவர் வாங்கி வந்த பழைய காரைச் சொந்த வீட்டு வாசலில் நுழைக்க முடியாமல் நாற்பது நிமிடம் தெருவில் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

நாற்பத்தோராவது நிமிடம் என்ன நடந்ததோ, கார் சட்டென்று சாதுவாகி, எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போய், சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"பார்த்தியா? எல்லாம் மனசுதான்" என்றபடி இறங்கினார்.

படியில் நின்ற மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கார் நின்ற நொடியில் அவர் பயத்தில் இரண்டு கால்களையும் இருக்கைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார்.

"ஏங்க, பிரேக்கை யாரு மிதிச்சது?"

"பின்ன நீயா மிதிச்ச?"

அவள் படியிறங்கிக் காரருகே போனாள். காருக்குள்ளிருந்து தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் தலைவலி இல்லை.

அது டிரைவிங் ஸ்கூலின் கார். பேச்சாளர் பதினைந்து நாள் பழகியது அதில்தான். அத்தகைய கார்களில் இடது பக்கம் வாத்தியாருக்கென்று தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அங்கே உட்கார்ந்திருந்தவரை ஊரே பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிட்டது. இருபது வருடம் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்து, அதில் தைலம் தடவிக்கொண்டே மிதித்தவர். பதற்றமானவர்களுக்கு முதல் வாரம் அவரே இரண்டையும் மிதித்துக்கொள்வார். பழகுபவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போதும். பேச்சாளருக்கு முதல் வாரம் மட்டுமல்ல, லைசென்ஸ் சோதனை வரைக்கும் அப்படித்தான். பின்சீட்டில் அதிகாரி உட்கார்ந்திருக்க, பெடல்கள் தம் காலடியில் பஞ்சாக இறங்குவதைக் கண்டு, அதைத் தம்முடைய திறமை என்று பேச்சாளர் மனதார நம்பினார்.

நம்பியதோடு விட்டிருக்கலாம். மேடையில் சொன்னார்.

"என் வாத்தியார் ஒரு பயந்தாங்கொள்ளி. பதினைந்து நாளும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை! 'யோவ், காலை எடுய்யா, நான் ஓட்டுறேன்'னு ஒரு அதட்டு அதட்டினேன். அன்றைக்குத்தான் நான் பிறந்தேன்!"

கூட்டம் உருண்டு சிரித்தது. அந்தப் பேச்சு கைப்பேசிகளில் சுற்றியது. பழக வந்த இளவட்டங்கள் ஏறும்போதே "அண்ணே, காலை எடுங்க" என்றன. ஒருத்தன் பிடிவாதமாக எடுக்கச் சொன்னான், எடுத்தார், கார் ஒரு சுவரை இடித்தது. முதலாளி பிரேக் அண்ணனை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார். மூன்றாம் மாதம் ஒரு மதியம், நிறுத்தியிருந்த காரின் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டதாம்.

அதன்பின் அந்தக் காரில் யாரும் பழக வரவில்லை. முதலாளி இடது பக்கப் பெடல்களைக் கழற்றி, ஓட்டைகளை மூடி, மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு விலை பேசினார். வேறு எந்தக் காரை எடுத்தாலும் முதல் வளைவிலேயே நின்றுபோன பேச்சாளர், "ராசியான வண்டி" என்று இதை வாங்கினார்.

அடுத்த மூன்று வாரத்தில் அவருக்கு வந்த நம்பிக்கை சொல்லி மாளாது. சிக்னலில் கார் கோட்டைத் தொடாமல் நின்றது. மேட்டில் பின்னால் உருளவில்லை. குறுக்கே நாய் ஓடியபோது, அவர் அதைப் பார்ப்பதற்கு முன்பே கார் நின்றது. ஜன்னல் வழியே முழங்கையை நீட்டி ஓட்டத் தொடங்கினார்.

மனைவி மட்டும் முன்னால் உட்கார மறுத்தாள்.

"அந்த சீட்டுல ஏற்கெனவே யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்குங்க."

"உனக்குப் பயம். என் புத்தகத்துல நாலாவது அத்தியாயம் படி."

"நீங்க எழுதினதுதானே? நான்தான் பிழை திருத்தினேன்."

மூன்றாம் வார ஞாயிற்றுக்கிழமை புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு ஒரு கூட்டம். தலைப்பு, 'ஸ்டீயரிங் பிடித்தவனே தலைவன்'. பேச்சாளர் தாமே காரோட்டி வந்து மேடையருகே இறங்குவார் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள்.

காலை பத்தரை மணி. நல்ல வெயில். பின்சீட்டில் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் போட்ட குழந்தைப் பூட்டை யாரும் எடுக்காததால் காரின் பின்கதவுகளை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இடது இருக்கையில் பேச்சாளரின் புத்தகக் கட்டு ஒன்று இருந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் அது தானாகச் சரிந்து கீழே விழுந்தது.

யாரோ தள்ளிவிட்ட மாதிரி.

தைல வாசனை கனத்தது. பேச்சாளர் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கினார். வாசனை போகவில்லை.

ஊருக்கு வெளியே ரயில்வே கேட். மணி அடித்துக்கொண்டிருந்தது, தடுப்புக் கம்பம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நில்லுங்க, கம்பம் இறங்குது."

"தலைவன் தயங்க மாட்டான்" என்று பேச்சாளர் வேகத்தைக் கூட்டினார்.

கார் கம்பத்துக்கு அடியில் புகுந்து தண்டவாளத்தில் ஏறியது.

நின்றது.

அலுங்காமல், குலுங்காமல், அளந்து வைத்தது போல இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில்.

பேச்சாளர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்ஜின் அலறியது. சக்கரம் அசையவில்லை. அவருடைய கால் பிரேக்கிலும் இல்லை, கிளட்சிலும் இல்லை. இரண்டும் தாமாகவே தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன.

மனைவி முன்னால் எட்டிப் பார்த்தாள். இடது இருக்கைக்குக் கீழே ரப்பர் விரிப்பு இரண்டு இடங்களில் குழிந்திருந்தது.

இரண்டு செருப்புகளின் அளவில்.

"சார், வண்டிய எடுங்க!" கேட்காரர் கூண்டிலிருந்து சிவப்புக் கொடியோடு குதித்து ஓடி வந்தார். வளைவுக்கு அப்பால் ரயில் கூவியது.

காருக்குள் இன்னொரு குரல். மெதுவாக, மரியாதையாக.

"காலை எடுக்கட்டுமா சார்?"

பேச்சாளர் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"எடுத்துடறேன். யாரு ஓட்டுறான்னு மட்டும் சொல்லுங்க."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும் என்று பேச்சாளருக்கும் புரிந்தது. ஆனால் நூற்றுப் பதினோரு மேடை பழகிய நாக்கு அது.

"நான்... நான்தான்."

குழிகள் இன்னும் ஆழமாயின.

தண்டவாளம் நடுங்குவது இருக்கை வழியாக முதுகில் ஏறியது. மனைவி கதவைக் குத்தினாள். திறக்கவில்லை.

"உண்மையைச் சொல்லித் தொலைங்க! இல்ல, இறங்கி வந்து இந்தக் கதவையாவது திறங்க!"

பேச்சாளர் தம் பக்கக் கதவைத் திறந்தார். இறங்கினார். பின்கதவு இரண்டு அடி தூரத்தில் இருந்தது.

ஓடினார்.

வந்த வழியே, கம்பத்துக்குக் கீழே குனிந்து, வேட்டி ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாக ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

காருக்குள் மனைவி காலியான இடது இருக்கையைப் பார்த்தாள்.

"நீங்கதான் ஓட்டுனீங்க, அண்ணே" என்றாள். "சோதனை அன்னைக்கு நான் ஓரமா நின்னு ஜன்னல் வழியாப் பாத்தேன். இவரு கால் ஆடவே இல்ல."

டேஷ்போர்டில் யாரோ பெருமூச்சு விட்டது போல தூசி கலைந்தது. குழிகளில் ஒன்று சட்டென்று நிமிர்ந்தது; மற்றது மயிரிழை மயிரிழையாக மேலெழுந்தது. கிளட்சை அப்படி விடுவதற்கு இருபது வருடப் பழக்கம் வேண்டும். கார் ஒரு உதறல்கூட இல்லாமல் ஊர்ந்தது. ஒரு தண்டவாளம். இன்னொன்று. சரிவு.

பின்கண்ணாடி முழுவதும் ரயில் ஓடியது.

எதிர்ப்பக்கக் கம்பத்துக்கு முன்னால் கார் ஓரமாக ஒதுங்கி, கைப்பிரேக் ஏறி, அணைந்தது.

அரை மணி கழித்து மூவரும் கேட்காரரின் கூண்டில் இருந்தார்கள். பேச்சாளருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கேட்காரர் தடித்த பதிவேட்டைத் திறந்து, நடந்ததை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"கம்பம் இறங்கும்போது உள்ள நுழைஞ்சது குத்தம். ஓட்டினவர் மேல கேஸ் ஆகும். ஆனா கடைசி வரைக்கும் வண்டிய விட்டு இறங்காம, பொறுமையா நகத்துனாரு பாருங்க, அதையும் எழுதிட்டேன். அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, கையெழுத்து வேணும்."

"யாரை?" என்றார் பேச்சாளர்.

"இடது பக்கம் உக்காந்து ஓட்டுனாரே, பெரியவர். முழங்காலைத் தேய்ச்சுக்கிட்டு இன்னும் உள்ளேயேதான் உக்காந்திருக்காரு." கேட்காரர் ஜன்னல் வழியே பேனாவால் காட்டினார். "நீங்க யாரு? இறங்கி ஓடின பாசஞ்சரா?"

மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. வெளியே காரின் இடது கண்ணாடி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று மேலேறி மூடிக்கொண்டது.

"ஓட்டினவர் நீங்கன்னா இங்க போடுங்க, கேஸ் உங்க பேர்ல வரும். பாசஞ்சர்னா கீழ போடுங்க."

பேச்சாளர் கீழே போட்டார்.