மெலிந்த முயல்

யுத்தம் முடிந்த வருஷத்து ஐப்பசி. பூந்தமல்லியின் ஊர்க்கோடியில் இருந்த பழைய பங்களாவின் முன்னால் ஜட்கா வந்து நின்றது. வசந்தா வலது காலை எடுத்து வைத்து இறங்கினாள். கங்காதரனுக்கு அவள் இரண்டாம் தாரம்.

பின்கட்டு முழுக்க முயல் கூண்டுகள். டி.டி.டி. என்ற புதிய கொசு மருந்து உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் கங்காதரனின் உத்தியோகம். ஒவ்வொரு முயலையும் தராசில் வைத்து, எடைக்குத் தக்கபடி மருந்தை எண்ணெயில் கலந்து புகட்டுவான்.

"குட்டி ஒரு மாதிரி, கிழம் ஒரு மாதிரி, வசந்தா. ஆனா கொழுத்த முயல் கொஞ்சம் கூடுதலாத் தாங்கும்," என்றபடி கடைசிக் கூண்டிலிருந்த கிழட்டுப் பெண் முயலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "இல்லையா, செல்லம்?"

வசந்தாவை அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

புல் போடும் முனியன்தான் விஷயத்தை உடைத்தான். "மூத்த தாரம் அன்னம்மா வளத்ததும்மா அது. அவங்களத்தான் அய்யா செல்லம்னு கூப்புடுவாரு. அவங்க ஜுரத்துல போனப்புறம் இத்த அப்பிடிக் கூப்புட்டுகினு கீறாரு. நீங்க இன்னாத்துக்கும்மா மொறைக்கிறீங்க? முயலுக்குப் போயா சக்களத்திப் பட்டம்?"

அவன் சிரித்தான். அவளுக்கு வயிறு எரிந்தது.

எடை குறைந்த முயல் சோதனைக்கு ஆகாது, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கங்காதரன் வேலையாகக் கிண்டிக்குப் போன வாரம், "கடைசிக் கூண்டை நானே பார்த்துக்கறேன்," என்று முனியனிடம் சொல்லிவிட்டு, அதற்குத் தீனியை அடியோடு நிறுத்தினாள்.

மழை மூடிய ஒரு மத்தியானம், பின்கட்டில் சத்தம் கேட்டது.

யாரோ புல்லுக்கட்டைப் பிரிக்கும் சத்தம்.

"சாப்பிடு, கண்ணு. ஒரு வாய்..."

பெண் குரல்.

வசந்தா ஓடிப் பார்த்தாள். ஆள் இல்லை. நனைந்த புல்லும் மருந்தும் கலந்த வாடை மட்டும் நின்றது. கூண்டுக்குள் முயல் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாயுமுன் அது செத்துவிட்டது.

திரும்பி வந்த கங்காதரன் அதைக் கையில் ஏந்திப் பார்த்தான். "பட்டினி போட்டியா? மருந்து இத்தனை நாளும் கொழுப்புக்குள்ளே சும்மா கிடந்தது, வசந்தா. கொழுப்பு கரைஞ்சதும் அத்தனையும் ரத்தத்துக்கு வந்துட்டுது."

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கவளத்தை எடுத்தால் மணிக்கட்டைக் குளிர்ந்த கை ஒன்று பிடித்தது. வளையல் ஓசை கேட்டது.

கை தெரியவில்லை.

வசந்தாவின் கன்னம் ஒட்டிப்போயிற்று. விரல்கள் நடுங்கத் தொடங்கின.

கங்காதரனின் கோபமெல்லாம் பயமாக மாறியது. ஒரு மாலை அவனே மோர்சாதம் பிசைந்துகொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"எனக்காக ஒரு வாய் வாங்கிக்கோ," என்று கெஞ்சினான். "செல்லம்..."

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனையும்! வசந்தாவின் கண் நிறைந்தது. பதில் சொல்ல உதட்டைப் பிரித்தாள்.

"என்னங்க?" என்றது ஒரு குரல், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கங்காதரனின் முகம் மலர்ந்தது. கவளம் ஏந்திய அவன் கை வசந்தாவின் வாயைத் தாண்டி, அவள் தோளுக்கு மேலே போயிற்று.

திரும்பி வந்தபோது விரல்களில் ஒரு பருக்கை இல்லை.