கப்பலில் வந்த ஓரகத்தி

டீ ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்னங்க... ஒரு வாயாவது குடிச்சிட்டுப் போங்க. வெறும் வயித்தோடயா அங்க போய் நிக்கப் போறீங்க?”

“உன் கையால பச்சைத் தண்ணிகூட வேண்டாம்னு சொல்லிட்டேன். காது கேக்கலையா?”

இன்றைக்குக் கணவன் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வது என்று விடியும்போதே முடிவு செய்திருந்தாள். துறைமுகத்து யார்டில் அவனுடைய காரை இன்று இயந்திரத்தில் போட்டு நசுக்கப் போகிறார்கள். உரிமையாளர் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். செய்வதையும் செய்துவிட்டு அதற்குச் சாட்சியும் கேட்கிறார்கள்!

அது கடல் தாண்டி வந்த பழைய கார். அவன் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவனுடைய அப்பா செய்ததும் அதே தொழில்தான். இளவயதில் அந்த ரகக் கார் ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்தாராம் மாமனார். அப்படியொரு வளைவை அதற்குப் பிறகு தன் கை தடவியதே இல்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். “ஒண்ணை எப்படியாவது வரவழைக்கிறேன்ப்பா. நீங்களும் நானும் சேர்ந்து அடிப்போம்” என்று மகன் வாக்குக் கொடுத்தான். வருஷக்கணக்கில் தேடி, வெளிநாட்டில் எங்கோ ஒரு கொட்டகையில் கிடந்ததைப் பேசி முடித்தான்.

அதை நிறுத்த இடம் வேண்டுமே? அவள் தையல் வேலை செய்துகொண்டிருந்த முன்னறையின் சுவரை இடித்தார்கள். “இடிங்க, பரவாயில்ல” என்றவளும் அவள்தான். தையல் மெஷின் அடுப்பங்கரை மூலைக்குப் போனது. தைத்த துணியெல்லாம் தாளித்த வாசனை அடிக்கிறது என்று முகம் சுளித்து, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மாமனார் வேறு கிண்டல் செய்வார்: “கப்பல்ல எனக்கு இன்னொரு மருமக வர்றாம்மா. சக்களத்தின்னு நினைச்சுப் பொருமாதே, ஓரகத்தின்னு நினைச்சுக்கோ!”

ஓரகத்தி கரை இறங்கினாள். வீடுதான் வந்து சேரவில்லை.

“முகத்தைப் பால் மாதிரி வச்சுக்கிட்டு அண்ணி எப்படி வேலை பாத்துட்டாங்க பாத்தியா அண்ணா?” கதவில் சாய்ந்தபடி நாத்தனார் ஆரம்பித்தாள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள், சண்டையையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். “தையல் ரூமை இடிச்சதை மனசுல வச்சுக்கிட்டு நம்பரையே அழிச்சிருக்காங்க. இது தெரியாம செஞ்ச தப்புன்னு நீ நம்புறியா?”

எல்லாம் அந்த நம்பரில்தான் வந்து நின்றது. இப்படி வரும் காரின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் நம்பர், காகிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் வெளியே விடுவார்கள். அதைப் பார்ப்பதற்கு முன்னால், வெளிநாட்டு மண் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, கழுவி வையுங்கள் என்று வீட்டுக்காரர்களை உள்ளே விட்டார்கள். அன்று அவனுக்குப் பட்டறையில் அவசர வேலை. அவள்தான் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு அதிகாரி காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், நம்பர் இருந்த இடத்தில் பளபளவென்று வெறும் இரும்பு! ஏற்கெனவே துரு தின்று தேய்ந்திருந்த எழுத்துகள், உப்புத்தாள் பட்டதும் அடியோடு போய்விட்டன. நம்பர் இல்லாத கார் திருட்டுக் காராகக்கூட இருக்கலாம், நசுக்கத்தான் வேண்டும் என்றார்கள். மேலே முறையிட்டும் பலனில்லை.

“யார் தேய்ச்சது?” என்று அதிகாரி கேட்டபோது, “நான்தாங்க” என்றாள். அத்தோடு அவளுடைய குடும்ப வாழ்க்கை முடிந்தது.

இப்போது அவன் எழுந்து அவளுக்கு எதிரில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

“சொல்லு. வேணும்னுதானே செஞ்சே?”

அவள் குனிந்து ஆறிய டீயை எடுத்தாள்.

“தெரியாம செஞ்சுட்டேன்னாவது ஒரு வார்த்தை சொல்லேன்! அந்த வண்டி எனக்கு என்னன்னு உனக்குத் தெரியாதா? அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு...” வாசல் பக்கம் திரும்பினான். “போதும். நான் திரும்பி வர்றப்ப நீ இந்த வீட்டுல இருக்கக் கூடாது. உன் மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க வேணா போ.”

“சரிங்க.”

எவ்வளவு லேசாக வந்துவிட்டது அந்த வார்த்தை! அவளால் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் மாற்றியிருக்க முடியும்.

கார் கழுவப் போன அன்று யார்டுக்கு அவள் தனியாகப் போகவில்லை. “என்னையும் கூட்டிட்டுப் போம்மா, ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்” என்று மாமனார் கெஞ்சினார். மனம் கேட்காமல் யாரிடமும் சொல்லாமல் அழைத்துப்போனாள். தண்ணீர்க் குழாய் யார்டின் அந்தக் கோடியில் இருந்தது. அவள் வாளியை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் மாமனார் காருக்கு அடியிலிருந்து கையெல்லாம் துருவாக வெளியே வந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் மடித்து வைத்திருக்கும் உப்புத்தாள் கையில் இருந்தது. “துருவை விட்டா பெயிண்டு நிக்காதும்மா” என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திடீரென்று அவருக்குத் தெளிந்தது. “நான்... நம்பரையா தேய்ச்சேன்?” அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். “என் புத்தி போய்க்கிட்டு இருக்குன்னு எனக்கே தெரியுதும்மா. அவன்கிட்ட சொல்லிடாதே. என்கூட சேர்ந்து வேலை பாக்கணும்னுதானே அவன் இத்தனை பாடு பட்டான்...”

சத்தியம் செய்து கொடுத்தாள். மறுநாள் காலையில் அந்தச் சத்தியம் வாங்கியதே அவருக்கு நினைவில்லை. அவள் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

சர்ர்... சர்ர்...

வெளியிலிருந்து உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னங்க, நேரமாச்சு... பின்பக்கமா போயிடுங்களேன், அங்கதான் பஸ்...” என்று வாசலை மறித்தாள். என்றைக்கும் இல்லாத அந்தப் பதற்றமே அவளைக் காட்டிக்கொடுத்தது. அவன் அவளை விலக்கிவிட்டு வெளியே போனான்.

மாமனார் கேட் ஓரம் குந்தி உட்கார்ந்து, வீட்டு எண் எழுதிய தகரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாய்வாக இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, குறுக்கே அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. பிறகு வாயால் ஊதி, கட்டைவிரல் ஓரத்தால் தடவிப் பார்த்தார். எண் போயே போய்விட்டது.

அந்தக் குறுக்குக் கோடுகளை அவன் டார்ச் வெளிச்சத்தில் காரின் அடியிலும் பார்த்திருந்தான். சின்ன வயதில் அவன் கையைப் பிடித்து அப்பா பழக்கிய கோடுகள் அவை. பாத்திரம் விளக்குகிறவர்கள் வட்டமாகத் தேய்ப்பார்கள்; இந்தத் தேய்ப்பு பெயிண்டர் கைக்கு மட்டுமே உண்டு. ஆத்திரத்தில் அன்று அது புத்தியில் உறைக்கவில்லை.

“அப்பா... என்னப்பா பண்றீங்க?”

“துருடா. விட்டா பெயிண்டு நிக்குமா? நம்ம வண்டிக்கு அடியிலயும் இப்படித்தான் பிடிச்சுக் கிடந்துச்சு. பளபளன்னு எடுத்து வச்சிருக்கேன், போய்ப் பாரு!” குழந்தையின் பெருமையோடு நிமிர்ந்தார். “எப்படா அடிக்க ஆரம்பிக்கலாம்?”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். வாசற்படியில் அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“நீ தேய்க்கலையா?”

அவள் பார்வை மாமனார் பக்கம் போனது.

“சொல்லித் தொலையேன்டி!”

“மாமாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேங்க...”

“நான் வீட்டை விட்டுப் போன்னு சொன்னேனே! அப்பகூடவா வாயைத் திறக்கல?”

“என்மேல இருக்கிற கோவம் என்னைக்காவது ஆறிடும்னு நினைச்சேன். ஆனா இது...?” அவள் விம்மினாள். “காரும் போச்சு, அப்பாவும் போய்க்கிட்டு இருக்காருன்னு என் வாயால எப்படிங்க சொல்வேன்? தாங்குவீங்களா நீங்க?”

அவன் தாங்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு, தோளில் முகம் புதைத்து, வாய்விட்டுக் கதறினான். “என்னை மன்னிச்சுடு... என்னை மன்னிச்சுடு...” நாத்தனார் “அண்ணி...” என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் உள்ளே போய்விட்டாள். மருமகள்மேல் இருந்த பழி தீர்ந்தது. ஆனால் அவளுக்குச் சந்தோஷம் என்பது துளிகூட இல்லை. இவனுக்குத் தெரியாமல் இருப்பதற்காகத்தானே அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டாள்!

யார்டுக்கு மூன்று பேருமாகப் போனார்கள். கார் புழுதி மூடி நின்றது. என்ன நிறம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கிரேனின் இரும்புக் கை அதைக் கவ்வித் தூக்கியது.

“யார் வண்டிடா அது?” என்றார் மாமனார்.

“யாரோடதோ... தெரியலப்பா.”

“பாவம். என்ன ஒரு வளைவு பாரு! காலாகாலத்துல துருவை எடுத்திருந்தா பொழைச்சிருக்கும்.”

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, காரை நோக்கி ஒரு அடி வைத்தார். அவன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். தாளைப் பிடுங்கி வீசியெறியக் கையை ஓங்கினான்.

“வேண்டாங்க,” என்றாள் அவள். “அதை அவர் பையிலயே வச்சிடுங்க. அதுவாவது இருக்கட்டும்.”

ஓங்கிய கை கீழே இறங்கியது. அவன் தாளை நான்காக மடித்து அப்பாவின் பையில் வைத்தான். முதலில் கண்ணாடிகள் நொறுங்கும் சத்தமும், பிறகு தகரம் மடங்கும் சத்தமும் கேட்டன. அவன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

“எப்படா பெயிண்டு அடிக்கலாம்?” என்று கேட்டார் அப்பா.

“நாளைக்கு அடிக்கலாம்ப்பா.”

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.