பக்கத்து இருக்கையின் கை

ஒரு வாரமாக ரிஹாபிடம் யாரும் பேசவில்லை. விமானிகள் அறைக்குள் அவள் நுழைந்தால் காப்பிக் கோப்பைகளோடு எழுந்து போனார்கள். துனிஸ் விமான நிலையத்தில் விசாரணை அதிகாரி முந்தருக்கு எதிரே உட்கார்ந்து பேசியபோது அவளுக்குத் தன் குரலே புதிதாக இருந்தது.

"கேப்டன் லஸ்ஹர் பொய் சொல்றார், முந்தர் சார். என் லைசென்ஸ் போயிடும்."

ஜெர்பா தீவில் தரையிறங்கியபோது விமானம் தடாலென்று மோதிச் சக்கரக் கால் வளைந்தது. ஓட்டியவள் துணை விமானி ரிஹாப். 'கன்ட்ரோல் எனக்கு என்றேன், அவள் விடவில்லை' என்று கேப்டன் எழுதிக் கொடுத்திருந்தார். விமானி அறையின் பேச்சுப் பதிவு, பழுது பார்க்கையில் மின்சாரம் ஓடியதில் அழிந்துவிட்டது.

"ஓட்டுற ஸ்டிக்கோட அசைவுப் பதிவு இருக்கே!" என்றார் உதவியாளர் நெஜீப். "இவ இழுத்திருக்கா, அவர் தள்ளியிருக்கார். கம்ப்யூட்டர் ரெண்டையும் கூட்டிக் கழிச்சு சும்மா இருந்துடுச்சு. ஒரு கழுதைக்கு ரெண்டு எஜமான்!"

"ரெண்டு பேர் கை பட்டா எச்சரிக்கைக் குரல் வருமே?" என்றார் முந்தர்.

"தரைக்கு இன்னும் எத்தனை அடின்னு எண்ணுற குரல் முடிஞ்சாத்தான் அது வரும்" என்றாள் ரிஹாப். "அதுக்குள்ள தரை வந்துடுச்சு."

முந்தர் வாக்குமூலத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். 'அவள் எதிர்த்து இழுத்ததை என் கையில் உணர்ந்தேன்.'

"கேப்டன் முன்னாடி எதை ஓட்டினார்?"

"பழைய மாடல் விமானம், இருபது வருஷமா. இதுக்கு வந்து ஆறு மாசம்."

மறுநாள் காலை பயிற்சிக் கூடத்தின் சிமுலேட்டரில் இருவரையும் பழையபடி உட்காரவைத்தார்.

"கேப்டன், ஸ்டிக்கைப் பிடிச்சுக் கண்ணை மூடிக்கோங்க. அவ இழுக்கிறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

முந்தர் ரிஹாபைப் பார்த்துத் தலையசைத்தார். நெஜீப் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடம் போனது.

"ஆரம்பிக்கச் சொல்லுங்கப்பா. எனக்கு வேற வேலை இல்லையா?"

லஸ்ஹர் கண்ணைத் திறந்தார். ரிஹாப் தன் ஸ்டிக்கைக் கடைசி வரை இழுத்துப் பிடித்திருந்தாள். அவருடையது நேராக நின்றது.

"பழசுல ரெண்டும் ஒரே இணைப்பு" என்றார் முந்தர். "ஒருத்தர் இழுத்தா இன்னொருத்தர் கைக்குத் தெரியும். இதுல இணைப்பே கிடையாது. அவ விடலன்னு நிஜமாவே தெரிஞ்சிருந்தா, உங்க ஸ்டிக்ல இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி அவ ஸ்டிக்கைச் செயலிழக்க வெச்சிருப்பீங்க. பதிவுல அப்படி எதுவும் இல்ல. நீங்க சொல்லாமலே கை வெச்சீங்க."

லஸ்ஹர் தன் கையிலிருந்த ஸ்டிக்கைப் பார்த்தார். "அப்பல்லாம் சொல்லவே வேண்டாம். என் கை பட்டாலே பக்கத்துல இருக்கிறவன் விட்டுடுவான். சொன்னதாத்தான் நெனச்சேன்... இல்ல. சொல்லல. எழுதிக் கொடுத்துடறேன்."

ரிஹாப் பிடியைத் தளர்த்தினாள். அவளுடைய ஸ்டிக் நடுவுக்குத் திரும்பியது. பக்கத்து இருக்கையில் ஸ்டிக்கைப் பிடித்திருந்த அவர் கைக்கு அதுவும் தெரியவில்லை.